குதிரை வழக்கு முடிவதற்குள் கவிழ்ந்த இரண்டு ராஜ்ஜியங்கள்

கார்ஸ் சீமையில் வண்டி ஓட்டிப் பிழைத்தவர்களில் யெஃபீமுக்கு நிகர் யெஃபீம்தான். இதை எதிர்த்துப் பேசுகிறவன், சொகான்லி மலைச்சரிவில் பனி உறைந்திருக்கும்போது நாலு சக்கர வண்டியைச் சுமையோடு ஒருமுறை இறக்கிக் காட்டிவிட்டு அப்புறம் பேசட்டும். பள்ளிக்கூட வாசலை அவன் மிதித்ததில்லை. வண்டிச் சக்கரத்தின் ஒவ்வோர் ஆரக்காலையும் தானே செதுக்கினான், தானே பூட்டினான். படித்தவர்கள் எழுதுகிற சரித்திரத்தில் பீரங்கி இருக்கும், தளபதி இருப்பான். யெஃபீமும் அவனுடைய சாம்பல் நிறக் குதிரையும் அதில் இருக்க மாட்டார்கள். ஜாரின் ராஜ்ஜியமும் சுல்தானின் ராஜ்ஜியமும் அடுத்தடுத்துக் கவிழ்ந்ததை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தவன் யார் என்று கேட்டால், எங்கள் ஊரில் கையை அவன் வீட்டுப் பக்கம்தான் நீட்டுவார்கள்.

எங்கள் ஊர் சிதோரொஃப்கா. ரஷ்யர்களாகப் பிறந்தும் ரஷ்யர்களின் கோயிலுக்குப் போகாத கூட்டம் நாங்கள். நோன்பு நாளிலும் பால் குடிக்கிறார்கள் என்று 'பால்குடி' என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். பிறகு எங்கள் அப்பன்மார் காலத்தில், ஜார் புதிதாகப் பிடித்த இந்த எல்லைச் சீமையில் கொண்டுவந்து கொட்டினார்கள். சாராயம் தொட மாட்டோம், பன்றி தின்ன மாட்டோம், துப்பாக்கி தூக்க மாட்டோம், சத்தியம் செய்ய மாட்டோம். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. அதற்குமேல் சாட்சிக்குக் கடவுளைக் கூப்பிடுவது அவரைத் தொந்தரவு செய்வது. கொட்டிய இடத்தில் கல் பொறுக்கி, முட்டைக்கோஸ் போட்டு, வண்டி கட்டி, இந்தச் சீமையின் பாதிச் சுமையை எங்கள் வண்டியில் ஏற்றிக் காட்டினோம். யாரும் கொடுத்ததில்லை, நாங்களே சம்பாதித்தது.

யெஃபீமுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதன் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்தாக வேண்டும். கராஊர்கான் சுங்கச்சாவடிவரை சுமை கொண்டுபோவான். அங்கே எல்லைக் கல். அதற்கு அந்தப்புறம் சுல்தானின் சீமை. இவன் இறக்கிய சுமையை அந்தப்புறத்து மாட்டுவண்டிகள் ஏற்றிக்கொண்டு போகும். முழு மரத்தில் வெட்டிய சக்கரம், ஆரக்கால் கிடையாது, அச்சும் சக்கரமும் சேர்ந்தே சுற்றும். அது போடுகிற கிறீச்சுச் சத்தத்தில் மலை எழுந்து உட்காரும்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அந்தப்புறத்து வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டான்.

"ஏன்யா, அச்சுக்குக் கொஞ்சம் மசகு போட்டா என்ன?"

"போட்டா வண்டி கத்தாதே."

"கத்தாம இருந்தா நல்லதுதானே?"

"வண்டி கத்தலேன்னா மாடு தூங்கிரும். மாடு தூங்கினா நானும் தூங்கிருவேன். அப்புறம் ஓநாய் மட்டும்தான் முழிச்சிருக்கும்."

அந்தப் பதிலை அசைபோட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான் யெஃபீம். "அதுலயும் ஒரு ஞாயம் இருக்கு" என்று மனைவி ஃபெதோசியாவிடம் சொன்னான். "உனக்குத்தான் எல்லாத்துலயும் ஞாயம் தெரியுமே, ராத்திரிச் சோத்துக்கு மாவு அரைக்க மட்டும் ஞாயம் தெரியாது" என்றாள் அவள்.

அவனிடம் கிழட்டு ஆண்குதிரைகள் இரண்டும் பெண்குதிரை ஒன்றும் இருந்தன. பெண்குதிரைக்குக் கலூப்கா என்று பேர். புறா என்று அர்த்தம். நிறமும் புறா நிறம்தான். பார்வைக்கு ஒன்றுமில்லை. குறுகிய மார்பு, நீண்ட காது, எப்போதும் எதையோ மறந்துவிட்டு யோசிப்பது போன்ற முகம். ஆனால் மலையேற்றத்தில் வண்டி திணறும்போது மற்ற இரண்டும் கண்ணை உருட்டும், அவள் தலையைக் குனிந்து ஓர் இழு இழுப்பாள். அந்த இழுப்பில்தான் யெஃபீமின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

யுத்தம் வந்தது. ஜாருக்கும் சுல்தானுக்கும் பாட்டன் முப்பாட்டன் காலத்துப் பகை. இந்த முறை உலகமே கூடச் சேர்ந்துகொண்டது. குதிரை பிடிக்கப் படையாட்கள் ஊருக்கு வந்தார்கள். மந்தைவெளியில் மேசை போட்டு ஒரு குதிரை வைத்தியர் உட்கார்ந்தார். வந்த குதிரைகளில் முக்கால்வாசி நொண்டின. குளம்புக்கு மேலே வால்மயிர் ஒன்றை இறுக்கிக் கட்டி, ரோமத்துக்குள் மறைத்துவிட்டால் எந்தக் குதிரையும் நொண்டும். எங்கள் ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள். வாயால்.

யெஃபீம் அதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. வைத்தியர் கிழங்கள் இரண்டையும் பார்வையிலேயே தள்ளிவிட்டார். கலூப்காவின் மார்பை ஒரு விரலால் தட்டினார்.

"இது எதுக்கு? மொதல் மேட்டுலயே செத்து விழும். தோலுக்குக்கூட ஆகாது. கூட்டிட்டுப் போ."

அவ்வளவுதான். கயிற்றைப் பிடித்துத் திரும்பியிருந்தால் கதை முடிந்தது. ஃபெதோசியா முழங்கையால் இடிக்கவும் செய்தாள். யெஃபீம் நகரவில்லை. காது சிவந்துவிட்டது.

"யாரு சாவாங்கிறீங்க?"

"இந்த எலும்புக்கூடுதான்."

"ஐயா, நீங்க படிச்சவங்க. இருக்கட்டும். அந்தா ஆலைக்குப் பின்னாடி ஒரு மேடு தெரியுதா? எந்த வண்டியில வேணும்னாலும் சுமை ஏத்துங்க. ஒத்தையா இழுப்பா."

"யெஃபீம்!" என்று பல்லைக் கடித்தாள் ஃபெதோசியா. "வாயை மூடிக்கிட்டு வா!"

"நீ சும்மா இரு. தோலுக்கு ஆகாதாம்ல, தோலுக்கு!"

மாவு மூட்டைகள் ஏற்றினார்கள். கலூப்கா தலையைக் குனிந்தாள், மேட்டின் உச்சியில் போய் நின்றாள், அங்கிருந்த முட்செடியை மேயத் தொடங்கினாள். ஊரே கை தட்டியது. வைத்தியரும் கை தட்டினார். தட்டிவிட்டு, சேவகனைப் பார்த்து, "அதுக்கு முத்திரை குத்து" என்றார்.

வீட்டுக்கு வந்து ஃபெதோசியா அன்று முழுவதும் பாத்திரங்களை உருட்டினாள். மறுநாள்தான் வாயைத் திறந்தாள். "ஜெயிச்சுட்டேல்ல? போ. அவ கூடவே போ. அவ இல்லாம நீ வண்டி ஓட்டப் போறதில்ல, வண்டி இல்லாம வீட்டுல உக்காந்தா நான் உன்னைக் கொன்னுருவேன். அவளைத் திருப்பிக் கூட்டிட்டு வா. அவ இல்லாம வராத."

இப்படித்தான் துப்பாக்கி தொடாத யெஃபீம் படையின் பின்னால் வண்டியோட்டியாகப் போனான். மாவு ஏற்றினான், காயம்பட்டவர்களை ஏற்றினான். குண்டு ஏற்ற மாட்டேன் என்று முதல்நாளே சொல்லிவிட்டான். ஆணி அடித்த பெட்டி ஏதாவது ஏறினால், "இதுல என்ன?" என்று கேட்பான். "சோப்பு" என்பார்கள். ஒரு படைக்கு இவ்வளவு சோப்பா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்படியும் எவன் மேலும் அழுக்குப் போன மாதிரித் தெரியவில்லையே என்று மாதக்கணக்கில் யோசித்தான்.

எல்லைக் கல்லைத் தாண்டியபோது வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தான். இந்தப் பக்கம் இருந்த அதே முட்செடி, அதே கருவால் குருவி. மண்ணும் சக்கரத்தில் அதே மாதிரிதான் ஒட்டியது. இதற்காகவா இத்தனை வருஷம் இரண்டு பக்கமும் காவல் போட்டு வைத்தார்கள் என்று பக்கத்தில் வந்த சிப்பாயிடம் கேட்டான். "வண்டியை ஓட்டு" என்றான் அவன்.

எர்சுரும்வரை போனார்கள். வழியெல்லாம் ஊர்கள் கிடந்தன. புகை வராத ஊர்கள். ஆர்மீனியர்கள் இருந்த ஊர்களில் கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. அவர்களுக்கு என்ன ஆனது என்பதை யெஃபீம் ஓர் ஓடைக்கரையில் தன் கண்ணாலேயே பார்த்தான். பிறகு துருக்கியர்களின் ஊர்கள் எரிந்ததையும் பார்த்தான். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்கிற மனிதன் இதைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான். எங்கள் ஊரும் அதற்குமேல் அவனைக் கேட்டதில்லை.

ஒரு வசந்தத்தில் ஜார் போய்விட்டான் என்றார்கள். "எங்க போனாரு?" என்று யெஃபீம் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. அதிகாரிகளின் தோள்பட்டையில் மின்னியதெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. கமிட்டி என்று ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் கை தூக்கினார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது யார் முறை என்பதற்கும் ஒருநாள் கூட்டம் போட்டுக் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது, குதிரைகள் தாகத்தோடு நின்றன. ஒரு பேரரசு கவிழும்போது பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தான் யெஃபீம். கிறீச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மசகு போட்டது போலச் சறுக்கிக்கொண்டு போனது.

அந்தக் குளிர்காலம் அவனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் நினைவு தப்பிக் கிடந்தான். எழுந்து நடக்க முடிந்தபோது முதலில் லாயத்துக்குத்தான் போனான். படையில் பாதி ஊருக்குக் கிளம்பியிருந்தது. கலூப்காவின் இடத்தில் சாணம்கூடக் காய்ந்துபோயிருந்தது. கடிவாளம் மட்டும் ஆணியில் தொங்கியது.

"யாரோ ஊருக்குப் போறவன் ஓட்டிட்டுப் போயி பாதி வழியில வித்துட்டானாம்யா" என்றான் லாயக்காரன். "தாஷ்லின்னு ஒரு ஊர். ரெண்டு ரொட்டி, ஒரு ஆட்டுத்தோல் தொப்பி."

"ரெண்டு ரொட்டியா! கலூப்காவுக்கு ரெண்டே ரொட்டியா!"

"தொப்பியையும் சொன்னேனே."

கடிவாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தாஷ்லிக்கு நடந்தான். பாதி மண்ணுக்குள் புதைந்த வீடுகள். ஒரு வாசலில் நின்று குரல் கொடுத்தான். வண்டிக்காரத் துருக்கி மொழி அவனுக்கு நன்றாக வரும். வெளியே வந்தவர் அவனைவிட மூத்தவர், தாடி நரைத்தவர், பேர் இஸ்ஃபெந்தியார். தலையில் தொப்பி இல்லை. அதிலேயே யெஃபீமுக்கு விளங்கிவிட்டது.

"என் குதிரைக்காக வந்திருக்கேன்."

"குதிரைக்காகன்னா சண்டை வரும்போல இருக்கே" என்றார் அவர். "காய்ச்சல்காரன் மாதிரி வேற இருக்க. வந்து மொதல்ல சாப்பிடு. சாப்பிடாதவன்கிட்ட சண்டை போட்டா எங்க ஊர்ல சிரிப்பாங்க."

பார்லிக் கூழும் உப்புப் பாலாடையும் வைத்தார்கள். வீட்டுக்குள் மெத்தை இல்லை, தலையணை இல்லை. வெறும் மண்தரையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பின்பக்கம் போனார்கள். கலூப்கா நின்றாள். விலா தெரிந்தது, ஆனால் உயிரோடு நின்றாள். யெஃபீம் அவளை விழுங்குவது போலப் பார்த்தான். அவள் பழைய முகத்தோடு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கலூப்கா!"

அவள் திரும்பவில்லை.

"பாத்தியா" என்றார் இஸ்ஃபெந்தியார். "இப்போ அவ பேரு கெலின். எங்க பாஷையில புதுப்பெண்ணுன்னு அர்த்தம். கெலின்! ஏம்மா கெலின்!"

அதற்கும் அவள் திரும்பவில்லை.

"அண்ணே, இவ என் வீட்டுல பிறந்த பொண்ணு மாதிரி. திருட்டுச் சொத்தை வாங்கிட்டீங்க."

"நான் எங்கய்யா திருடினேன்? உங்க ராஜாவோட சிப்பாய் வித்தான், நான் வாங்கினேன். ராஜாவோட ஆளே வித்தா அது எப்படித் திருட்டு? அதை விடு. இந்தக் குளிர்ல என்ன தின்னா தெரியுமா? வைக்கோல் எங்கயும் கெடையாது. எங்க மெத்தையைக் கிழிச்சு அதுக்குள்ள இருந்ததைப் போட்டேன். அப்புறம் தலையணை. எம்பொஞ்சாதி செனெம் அதுக்கு மேல எங்கிட்ட பேசுறதில்ல."

யெஃபீம் கடிவாளத்தைக் கையில் எடுத்தான், திரும்பத் தோளில் போட்டான். மெத்தையைக் கிழித்துப் போட்டவனைத் திருடன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவள் என்னுடையவள் இல்லை என்று சொல்லவும் வரவில்லை. "வாங்க, ஞாயம் கேப்போம்" என்றான். ஹசன்கலேயில் ரஷ்யக் கமிட்டி இன்னும் இருந்தது. அவன் தரப்பு ராஜ்ஜியம். இஸ்ஃபெந்தியார் மறுக்கவில்லை. குதிரையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கமிட்டித் தலைவர் முன்பு தந்தி அடித்துக்கொண்டிருந்தவர். பொறுமையாகக் கேட்டார். "தோழர்களே, குதிரைங்கிறது தனியார் சொத்தா, மக்கள் சொத்தா? இதை மொதல்ல தீர்க்கணும்" என்றார். ஒருவன் எழுந்து பேசினான், இன்னொருவன் எழுந்து மறுத்தான். கடைசி பெஞ்சில் இருந்தவன், "குதிரையோட கருத்தைக் கேட்டீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பொழுது சாய்ந்ததால் வாக்கெடுப்பை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தார்கள்.

காலையில் போனால் மண்டபம் திறந்து கிடந்தது. அடுப்பில் கெண்டி இன்னும் சூடாக இருந்தது. பெஞ்சுகளை விறகுக்கு உடைத்திருந்தார்கள். ஒரு ஆள் இல்லை.

"உங்க அரசாங்கம் எங்கய்யா?" என்றார் இஸ்ஃபெந்தியார்.

"நேத்து இருந்துச்சு."

"அது தெரியும். நானும் பாத்தேனே."

மேற்கிலிருந்து சுல்தானின் படை வந்துகொண்டிருந்தது. குதிரையை இஸ்ஃபெந்தியாரிடம் விட்டுப்போவதைத் தவிர யெஃபீமுக்கு வேறு வழியில்லை. கடிவாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் திரும்புகிற சிப்பாய்க் கூட்டத்தோடு கூட்டமாக வெறுங்கையோடு நடந்தான். ஃபெதோசியா வாசலில் அவனைப் பார்த்தாள், அவன் பின்னால் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றான். காய்ச்சலில் பாதியாகிப் போயிருந்த அவனை உள்ளே இழுத்துப் போய் வெந்நீர் வைத்தாள். திட்டெல்லாம் உடம்பு தேறியபிறகு வட்டியோடு வந்தது.

கார்ஸ் கோட்டையில் சுல்தானின் கொடி ஏறியது. எங்கள் ஊர் சுல்தானின் ஊரானது. இனி குதிரையை மறந்துவிடு என்று ஊரார் யெஃபீமிடம் சொன்னார்கள். கோர்ட்டும் அவர்களுடையது, படையும் அவர்களுடையது, ஒரு துருக்கியரிடமிருந்து குதிரையை ஒரு பால்குடிக்கு எவன் வாங்கித் தருவான்? ஞாயமான பேச்சுதான்.

அறுப்பு முடிந்த காலத்தில், ஒரு மத்தியானம், இஸ்ஃபெந்தியாரே குதிரையைப் பிடித்துக்கொண்டு சிதோரொஃப்காவுக்குள் நடந்து வந்தார். பின்னால் ஊர் நாய்கள். யெஃபீம் கோடரியை மரத்தில் அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

"அவசரப்படாத, குதிரையைக் குடுக்க வரல" என்றார் அவர். "ஒரு வார்த்தை வாங்க வந்திருக்கேன்."

முதலில் தேநீர். எங்கள் வீடுகளில் தேநீர் கொதிக்கும் சமோவார் அணைவதில்லை. மூன்றாவது குவளைக்குப் பிறகு விஷயத்தைச் சொன்னார். சுல்தானின் படையும் குதிரை பிடிக்க அவர் ஊருக்கு வந்திருக்கிறது. கெலினைக் காப்பாற்ற, "இது என் குதிரை இல்லீங்க, ஒரு பால்குடி என்கிட்ட அமானிதமா, பத்திரமா பாத்துக்கச் சொல்லி, விட்டுட்டுப் போயிருக்கான்" என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டார். சொந்தக்காரன் இல்லாமல் எடுத்தால் பின்னால் தொல்லை வரும் என்று அவசரத்தில் இருந்த அதிகாரி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் பக்கத்தில் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத் நின்றிருந்தார்.

"அவரு என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. 'உன் வாயாலயே அமானிதம்னு சொல்லிட்ட. ஒண்ணு, நீ சொன்னது பொய். இல்லேன்னா குதிரை அடுத்தவனோடது. அடுத்தவன் குதிரையை வச்சு உழுத கோதுமை உனக்கு எப்படி ஹலால் ஆகும்?'ன்னாரு. குதிரு நெறைய கோதுமை கெடக்கு தம்பி. ஒரு வாய் இறங்க மாட்டேங்குது. நீ ஹலால்னு ஒரு வார்த்தை சொல்லிரு. மனசார விட்டுக் குடுத்தேன்னு. நான் நிம்மதியா போறேன்."

"படை உங்களுது, கோர்ட்டு உங்களுது. அப்புறம் என் வார்த்தை எதுக்கு?"

"கோர்ட்டு குதிரையைக் குடுக்கும். ஹலாலைக் குடுக்குமா? அது உன் வாயிலதான இருக்கு."

யெஃபீம் நெடுநேரம் முற்றத்துக் குதிரையைப் பார்த்தான். அந்த மனிதர் நடந்து வந்த தூரத்தை நினைத்தான், கிழிந்த மெத்தையை நினைத்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். வரவில்லை.

"அண்ணே, நாங்க ஆமாம்னா ஆமாம், இல்லேன்னா இல்லைன்னு சொல்றவங்க. மனசார விட்டுக் குடுத்தேன்னு சொன்னா அது பொய். என் மனசு விடல. பொய்யா ஹலால் சொன்னா உங்களுக்குச் செல்லுமா?"

இஸ்ஃபெந்தியார் தாடியைத் தடவினார். "செல்லாது" என்றார் வருத்தத்தோடு.

"ஒரு பொய் சொல்லவாவது தெரியுதா இவருக்கு!" என்று உள்ளேயிருந்து ஃபெதோசியா முனகினாள்.

சரிகாமிஷில் வழக்குத் தீர்க்கிற சுல்தானின் காஜி இருக்கிறார், அவர் மார்க்கம் படித்தவர், அவரையே கேட்போம் என்று இருவரும் கிளம்பினார்கள். இந்த முறை இஸ்ஃபெந்தியாரின் ராஜ்ஜியம். பைன் காட்டு வழி. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் குதிரை. வழியில் படைகள் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வெற்றி பெற்ற படை வீட்டுக்குப் போகிற மாதிரி நடக்கிறதே என்று யெஃபீமுக்குச் சந்தேகம். கேட்கவும் செய்தான். யாரும் நிற்கவில்லை.

காஜியின் கச்சேரியில் கம்பளத்தைச் சுருட்டி வெளியே சாய்த்திருந்தார்கள். காஜி கழுதைமேல் ஏறிக்கொண்டிருந்தார். "வழக்கா? இப்பவா?" என்றார். "சுல்தான் தோத்துட்டாருய்யா. இஸ்தான்புல்லுல கையெழுத்துப் போட்டாச்சு. எல்லாரையும் திரும்பி வரச் சொல்லி உத்தரவு." கழுதை கிளம்பிவிட்டது. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த கிழவர் மட்டும் துடைப்பத்தை நிறுத்தி, "இங்க இனிமே அரசாங்கம் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு வாங்க, வேற ஒண்ணு வரும்" என்றார்.

இருவரும் கச்சேரிப் படியில் உட்கார்ந்தார்கள். குதிரை சுருட்டிய கம்பளத்தை மோந்து பார்த்தது.

"உங்க அரசாங்கம் எங்கண்ணே?" என்றான் யெஃபீம்.

"சிரிக்காத. உன்னுதாவது பொழுது சாயற வரைக்கும் இருந்துச்சு."

"நம்ம ரெண்டு பேருக்கும் இது தோஷம்ணே. நாம எங்க போயி நின்னாலும் அங்க ராஜ்ஜியம் விழுது."

"அப்போ முன்னங்கால் எனக்கு, பின்னங்கால் உனக்கு. வெட்டிரலாமா?"

"முன்பக்கம்தான் திங்கும். பின்பக்கம்தான் குட்டி போடும். நீங்க தீனி போடுங்க, குட்டியை நான் எடுத்துக்கறேன்."

"பால்குடின்னு பேரு, புத்தி பூரா வியாபாரி."

சிரித்துச் சிரித்து இஸ்ஃபெந்தியாருக்கு இருமல் வந்தது. எங்கள் சீமையில் ஆடு மாட்டைப் பாதிக்கு விடுகிற வழக்கம் உண்டு. மாடு ஒருவனுடையது, இன்னொருவன் வளர்ப்பான், கன்று ஆளுக்கொரு முறை. குதிரைக்கு யாரும் செய்து கேள்விப்பட்டதில்லை. யெஃபீம் தன் மனசைத் தொட்டுப் பார்த்தான். முழுக் குதிரையை விட மாட்டேன் என்ற மனசு, பாதியென்றதும் ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

"அண்ணே, பாதிக் குதிரையை மனசார விட்டேன். இது பொய் இல்ல. ஹலால்."

"பாதி ஹலால்னு ஒண்ணு உண்டா?"

"அதை என்கிட்ட கேட்டா? நீங்கதான முஸ்லிம்."

இஸ்ஃபெந்தியார் வானத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். "மத்த பாதியை நானும் ஹலால் பண்ணிட்டேன்" என்றார். "ரொட்டிக்கும் தொப்பிக்கும் சேத்து." குளிர்காலத்துக்கு எங்கள் ஊர், ஏனென்றால் எங்கள் புல் நல்ல புல். உழவுக்கும் அறுப்புக்கும் தாஷ்லி. குட்டி முறைக்கு ஒன்று. கை கொடுத்துக்கொண்டார்கள். அதோடு சரி. சாட்சிக்குப் பெருக்குகிற கிழவர்தான்.

பிறகு வந்த வருஷங்களில் கார்ஸ் கோட்டையில் கொடிகள் மாறிக்கொண்டே இருந்தன. உள்ளூர்க்காரர்கள் கொஞ்ச நாள், இங்கிலீஷ்காரர்கள் கொஞ்ச நாள், ஆர்மீனியர்கள் கொஞ்ச நாள், மறுபடி துருக்கியர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ ஓடினார்கள், யாரோ செத்தார்கள். கலூப்கா வசந்தத்தில் மேற்கே போனாள், முதல் பனிக்குமுன் கிழக்கே வந்தாள். எல்லைக் கல் கிடந்த இடத்தில் ஒருவரும் அவளை நிறுத்தவில்லை. முதல் குட்டி, இஸ்ஃபெந்தியாரின் முறை, பிறந்த அன்றே இறந்தது. அதற்கு ஒரு சண்டை வந்தது.

"செத்த குட்டி முறையில சேராது. அடுத்ததும் எனக்குத்தான்" என்றார் இஸ்ஃபெந்தியார்.

"செத்தாலும் முறை முறைதாண்ணே."

"அப்போ வா, கார்ஸுக்குப் போயி ஞாயம் கேப்போம்."

"வேண்டாண்ணே. இருக்கிற அரசாங்கமாவது இருந்துட்டுப் போகட்டும்."

கடைசியில் ஓர் எல்லை போட்டார்கள். பழைய கல்லெல்லாம் இல்லை, எங்களுக்குக் கிழக்கே, அர்ப்பா ஆற்றில். எங்கள் ஊரும் தாஷ்லியும் ஒரே தேசத்துக்குள் வந்துவிட்டன. ஆற்றுக்கு அந்தப்புறம் ரஷ்யா. ரஷ்யாவில் புது அரசாங்கம், எங்கள் ஆட்களுக்கு டான் புல்வெளியில் நிலம் தருவதாகச் சொன்னது. ஊர் கூடிப் பாடி, அழுது, போவதென்று முடிவெடுத்தது. வசந்தத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஃபெதோசியா மூட்டை கட்டிவிட்டாள். சமோவாரைத் துணியில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

கலூப்காவுக்கு அப்போது நிறைசினை. அந்தக் குளிர்காலம் முழுதும் யெஃபீமின் லாயத்தில் இருந்தாள். செத்த குட்டிக்கு ஈடாக, வயிற்றில் இருப்பதும் இஸ்ஃபெந்தியாரின் முறைதான்.

சேதி கேட்டு இஸ்ஃபெந்தியார் வந்தார். மூச்சு வாங்கியது. உட்காரவில்லை. "நீ போறியாம்ல. நான் சொல்லிடறேன். என் பாதியும் ஹலால். வயித்துல இருக்கறதும் ஹலால். கூட்டிட்டுப் போ. மனசார."

யெஃபீம் அவர் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, பொய் சொல்றீங்க."

"இல்ல."

"பொய்தான். எனக்குத் தெரியாதா? உங்க மனசு விடல. விடாம சொன்ன ஹலால் செல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

இஸ்ஃபெந்தியார் குதிரையின் கழுத்தைத் தடவினார்.

யெஃபீம் ஊர்ப் பெரியவரிடம் போனான். குட்டி போடும்வரை வண்டிகள் காத்திருக்குமா என்று கேட்டான். "யெஃபீம், ஒரு ஊரே ஒரு குதிரை வயித்துக்காக நிக்குமா?" என்றார் பெரியவர். வண்டிகள் கிளம்பின. பாட்டுச் சத்தம் ஆற்றுத் திருப்பம்வரை கேட்டது. அந்த வரிசையில் இருந்த ஒவ்வொரு சக்கரமும் யெஃபீம் பழுது பார்த்தது. ஒன்றும் கிறீச்சிடவில்லை. எங்கள் வீடு உட்பட சில வீடுகள் மட்டும் தங்கிவிட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. யெஃபீமின் காரணம் லாயத்தில் நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

குட்டி பிறந்தது. ஆண்குட்டி, ஒரு கால் மட்டும் வெள்ளை.

"பிறந்துருச்சுல்ல, இப்பக் கிளம்பலாமா?" என்றாள் ஃபெதோசியா.

"பால் மறக்கட்டும். பச்சைக்குட்டியைத் தாய்கிட்ட இருந்து பிரிச்சா அண்ணனுக்கு நான் என்னத்தைக் குடுக்கறது?"

பால் மறந்தது. இஸ்ஃபெந்தியார் வந்து குட்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

"இப்போ?"

"அடுத்தது நம்ம முறையாச்சே. அதை வாங்காம எப்படி?"

அடுத்ததும் பிறந்தது. பெண்குட்டி, அம்மாவின் அதே யோசனை முகம். யெஃபீம் ஊர் முழுக்க, அதாவது மிச்சமிருந்த ஊர் முழுக்க, கூட்டி வந்து காட்டினான். அன்று மாலை ஃபெதோசியா மூட்டையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏய்யா, உன் முறையும் முடிஞ்சுது. டான் சீமைக்கு எப்போ?"

யெஃபீம் குதிரையின் வயிற்றைக் கையால் அளப்பது போலத் தடவினான். "அடுத்தது அண்ணன் முறை. குடுக்காம போனா திருடன்னு சொல்ல மாட்டாங்க?"

"அதுக்கப்புறம் உன் முறை."

"ஆமா."

"அப்புறம் அவரு முறை."

"அவரு முறை."

ஃபெதோசியா மூட்டையின் மேல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே துணி மடிப்பில் ஒரு வருஷத்துத் தூசி. சமோவாரை வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கரியைப் போட்டாள். "போயி அந்த மெத்தையையும் எடுத்து விரி" என்றாள். "வைக்கோல் வெளிய வந்திருந்தா சொல்லு, தைச்சுத் தரேன். ஒங்க அண்ணன் கண்ணுல பட்டா அதையும் குதிரைக்குப் போட்டுருவாரு."